புற்று செல் சாகும்போது எதிர்ப்பு சக்தி விழிக்குமா, அடங்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. இடது மார்பில் ட்ரிபிள் நெகட்டிவ் வகைப் புற்றுநோய், இரண்டாம் நிலை. ஆபரேஷனுக்கு முன்பு கட்டியைச் சுருக்குவதற்காக டாக்ஸோரூபிசின், சைக்ளோஃபாஸ்ஃபமைட் இரண்டையும் 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். இரண்டு தவணை முடிந்துவிட்டது. கட்டி தொட்டுப் பார்த்தாலே சிறுத்தது தெரிகிறது. ஆனால் 11ஆம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 1,800, அதில் நியூட்ரோஃபில் 22 சதவீதம். கீமோ எதிர்ப்பு சக்தியை அழித்துவிடும் என்கிறார்கள் உறவினர்கள். எங்கள் டாக்டரோ, 'இந்த மருந்து புற்று செல்லைக் கொல்லும் விதமே உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும்' என்றார். எதை நம்புவது? செத்த செல்களெல்லாம் எங்கே போகும், ரத்தத்தில் விஷமாகத் தங்குமா? பக்கத்துப் படுக்கைக்காரர், காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார். தினமும் கபசுரக் குடிநீரும் வைட்டமின் சி மாத்திரையும் கொடுத்துவருகிறேன், தொடரலாமா? இம்யூனோதெரபி சேர்த்தால் நல்லதா?
— ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் கேள்விகளில் அவசரமானது நடுவில் ஒளிந்திருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டை வைத்தே கணக்குப் போடுங்கள். 1,800ஐ 22ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 396. ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு இத்தனை நியூட்ரோஃபில்கள்தான் அன்றைக்கு இருந்திருக்கின்றன. 1,500க்கு மேல் இருக்க வேண்டியது. 500க்குக் கீழே போனால் அபாயம். நியூட்ரோஃபில்தான் பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்ளும் அணு. சீழ் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி செத்த நியூட்ரோஃபில்களே. அவை இல்லாதபோது சீழ் பிடிக்காது, சிவந்து வீங்காது, நுரையீரலில் கிருமி இருந்தாலும் எக்ஸ்ரேயில் நிழல் விழாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் துப்பு. அதையும் நல்ல சகுனம் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஓரிரவில் ரத்த அழுத்தம் இறங்கி ஐசியூவில் போய் நிற்கும்.

இந்த மருந்துக் கூட்டில் கவுன்ட் மிகக் கீழே போவது பொதுவாக 10 முதல் 14 நாளுக்குள். 21ஆம் நாளுக்குள் ஏறிவிடும். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது இரண்டாம் தவணையின் பள்ளம் கடந்திருக்கும். மூன்றாவதிலும் அதே நாட்களில் அதே பள்ளம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். வாயில் வைத்துப் பார்க்க வேண்டும், அக்குளில் வைத்தால் குறைத்துக் காட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரவோ பகலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கிளம்பும் முன் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள்; காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி அங்கேயே இருக்கும், அவசரப் பிரிவில் இருப்பவர் சாதாரண கேஸ் என்று வரிசையில் உட்கார வைத்துவிடுவார். அங்கே வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், 'கீமோ போட்டு இத்தனையாவது நாள், காய்ச்சல் வந்திருக்கிறது' என்பதுதான். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தத்தை எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

கவுன்ட் 396 வரை போனதை உங்கள் டாக்டரிடம் எண்ணோடு சொல்லுங்கள். அடுத்த தவணைக்குப் பிறகு பெக்ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசி, 6 மில்லிகிராம், தோலுக்கடியில் போடச் சொல்லலாம். கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழித்துத்தான் அதைப் போட வேண்டும். எலும்புக்குள் குடைகிற மாதிரி வலி இரண்டு மூன்று நாள் இருக்கும், பயப்பட வேண்டாம். 'கவுன்ட் ஊசி' என்று வார்டில் சொல்லும் இந்த ஊசி நியூட்ரோஃபிலைத்தான் கூட்டும். வெள்ளை அணுக்களில் இன்னொரு வகையான, புற்றுநோயோடு மல்லுக்கட்டும் டி செல்களை அது கூட்டுவதில்லை. உங்கள் உறவினர்களும் டாக்டரும் முரண்படுவதாகத் தோன்றுவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. இரண்டு தரப்பும் 'எதிர்ப்பு சக்தி' என்றே சொல்கிறார்கள். உறவினர்கள் சொல்வது நியூட்ரோஃபிலை. டாக்டர் சொல்வது டி செல்லை.

இனி, செத்த செல்கள் எங்கே போகின்றன என்ற கேள்வி.

நோயில்லாத உடம்பிலேயே தினமும் ஆயிரக்கணக்கான கோடி செல்கள் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. குடலின் உட்பூச்சு சில நாளுக்கொருமுறை முழுதாக மாறுகிறது, ரத்தச் சிவப்பணுக்கள் 120 நாளில் முடிந்துபோகின்றன. நமக்கு எதுவும் தெரிவதில்லை. இப்படிச் சத்தமில்லாமல் சாவதற்கு 1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. செல் சுருங்குகிறது, உள்ளிருக்கும் டிஎன்ஏ துண்டு துண்டாக வெட்டப்படுகிறது, பிறகு செல்லே சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. சவ்வு கிழிவதில்லை, சரக்கு எதுவும் வெளியே சிந்துவதில்லை. சவ்வின் உட்புறம் இருக்க வேண்டிய ஃபாஸ்ஃபடிடைல்செரின் என்ற கொழுப்பு மட்டும் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் அதை அடையாளம் கண்டு வந்து விழுங்கிவிடும். விழுங்கிய கையோடு டிஜிஎஃப் பீட்டா, இன்டர்லூக்கின் 10 போன்ற பொருள்களைச் சுரந்து, 'இங்கே ஒன்றும் நடக்கவில்லை' என்று அக்கம்பக்கத்தை அமைதிப்படுத்தும். விழுங்கப்பட்டதில் புரதம் அமினோ அமிலமாகும், டிஎன்ஏயின் ஒரு பகுதி யூரிக் அமிலமாகிச் சிறுநீரில் போய்விடும். விஷமாகத் தங்க அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

புற்று செல்கள் மொத்தமாக ஒரே நாளில் உடைந்து, சிறுநீரகத்தால் சமாளிக்க முடியாமல் போகிற நிலை ஒன்று உண்டு. பொட்டாசியமும் பாஸ்பரஸும் யூரிக் அமிலமும் ஏறும், கால்சியம் இறங்கும். பர்கிட் லிம்ஃபோமா, கடுமையான ரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் இதற்காகவே யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் கொடுத்து, சலைன் ஏற்றிவிட்டுத்தான் கீமோவைத் தொடங்குவார்கள். இரண்டாம் நிலை மார்பகக் கட்டியில் இது மிக மிக அபூர்வம். இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இல்லையென்றால் அம்மா நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீர் குடிக்கட்டும். சைக்ளோஃபாஸ்ஃபமைட் மூத்திரப்பையை அரிக்காமலிருக்கவும் அது உதவும். கீமோ போட்ட அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போவது டாக்ஸோரூபிசினின் நிறம், ரத்தம் அல்ல.

விடியுமுன் வண்டி வந்து குப்பையை அள்ளிக்கொண்டு போய்விட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. அதே குப்பையில் தீப்பிடித்துப் புகைந்தால் தெருவே கூடிவிடும். புற்று செல்லின் சாவிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு. எந்த ரகம் என்பதைக் கொன்ற மருந்து ஓரளவு தீர்மானிக்கிறது. உங்கள் டாக்டர் சொன்னது இதைத்தான்.

பாரிஸ் அருகே வில்ஜூயிஃப் ஊரில் உள்ள குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் நிலையத்தில் கீடோ க்ரூமர், லோரன்ஸ் ஸிட்வோகல் குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. எலியின் பெருங்குடல் புற்று செல்களை ஆய்வகத் தட்டிலேயே டாக்ஸோரூபிசின் ஊற்றிச் சாகடித்தார்கள். செத்த செல்களை மட்டும் நல்ல எலியின் ஒரு விலாப்புறத்தில் ஊசி மூலம் செலுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து மறு விலாப்புறத்தில் அதே புற்றின் உயிருள்ள செல்களைச் செலுத்தினார்கள். பெரும்பாலான எலிகளில் கட்டி வரவில்லை. செத்த செல்லே தடுப்பூசியாகிவிட்டது. வேறு சில மருந்துகளால் அதே அளவு செல்களைக் கொன்று செலுத்தினாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. டி செல்லே இல்லாமல் பிறக்கும் எலிகளில் டாக்ஸோரூபிசினால் கட்டியைச் சரியாக அடக்க முடியவில்லை. அதாவது மருந்தின் வேலையில் ஒரு பங்கு டி செல்லின் கையில் இருந்திருக்கிறது.

வித்தியாசம் எங்கே என்று 2007இல் அதே குழு காட்டியது. கால்ரெட்டிகுலின் என்ற புரதம் செல்லுக்குள் எண்டோபிளாசமிக் ரெட்டிகுலம் என்ற வலைக்குள் உட்கார்ந்து, மற்ற புரதங்களைச் சரியாக மடித்துத் தரும் வேலையைச் செய்வது. டாக்ஸோரூபிசின் அந்த வலையை நெருக்கடிக்குள் தள்ளுகிறது. சில மணி நேரத்திலேயே, செல் இன்னும் சாகும் முன்பே, கால்ரெட்டிகுலின் செல்லின் வெளிப்பரப்புக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. செத்ததை விழுங்கி அதன் துணுக்கை டி செல்லிடம் காட்டிக்கொடுக்கும் டெண்ட்ரிடிக் செல்லுக்கு அது 'என்னை விழுங்கு' என்கிற அடையாளம். அந்தப் புரதத்தை நீக்கிவிட்டுச் சோதித்தால் தடுப்பூசி விளைவு போய்விட்டது. சத்தமில்லாமல் செத்த செல்லின் மேல் அதை வெளியிலிருந்து பூசினால் விளைவு வந்துவிட்டது.

கால்ரெட்டிகுலினுக்குத் துணையாக இன்னும் சில உண்டு. சாகிற செல்லிலிருந்து கசியும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு, டெண்ட்ரிடிக் செல்களை அந்த இடத்துக்கு இழுக்கிறது. செத்து முடிந்து சவ்வு கிழிந்த பிறகு உட்கருவிலிருந்து எச்எம்ஜிபி1 என்ற புரதம் வெளியே வருகிறது. அது டெண்ட்ரிடிக் செல்லின் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியில் பட்டால், விழுங்கிய புற்றுத் துணுக்கை அந்தச் செல் டி செல்லிடம் ஒழுங்காகக் காட்டும். இடையில் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதமும் சுரக்கும். இவை ஒன்றன் பின் ஒன்றாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் டெண்ட்ரிடிக் செல் துணுக்கை விழுங்குமே ஒழிய, ஆபத்து என்று எடுத்துக்கொள்ளாது.

ஒழுங்காக நடந்தால், டெண்ட்ரிடிக் செல் அந்தத் துணுக்கோடு கிளம்பி அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுக்குப் போகும். நெறி கட்டியிருக்கிறது என்போமே, அதே முடிச்சுதான். அங்கே அந்தத் துணுக்குக்குப் பொருந்தும் டி செல்லைத் தேடிக் காட்டும். அந்த டி செல் சில நாட்களில் ஆயிரக்கணக்கில் பெருகி, ரத்தத்தில் ஏறிக் கட்டிக்குள் வரும். ரத்தக் கவுன்ட்டில் இந்தப் படையை நீங்கள் பார்க்க முடியாது. எண்ணிக்கையில் மிகச் சிறியது, இருக்கிற இடமும் ரத்தமல்ல. நியூட்ரோஃபில் ஒரு நாள் இரண்டு நாள் வாழ்கிற அணு. எலும்பு மஜ்ஜையிலிருந்து புது வரத்து நின்ற உடனே கவுன்ட் சரிகிறது. முதிர்ந்த டெண்ட்ரிடிக் செல் பெரும்பாலும் பிரிவதில்லை என்பதால் பிரியும் செல்லைக் குறிவைக்கும் மருந்துக்கு அவ்வளவாக அகப்படுவதில்லை. நினைவு டி செல் வருடக்கணக்கில் வாழும். அதனால்தான் கவுன்ட் 396 ஆக இருக்கும் அதே வாரத்தில் அக்குள் முடிச்சுக்குள் இந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கலாம். கீமோவில் டி செல்களும் குறையத்தான் செய்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு தவணைக்கு நடுவே விடுகிற இடைவெளியில் அவையும் கொஞ்சம் மீள்கின்றன.

இதைப் படித்துவிட்டு 'எதிர்ப்பு சக்தியை எழுப்பும் கீமோவாகப் பார்த்துப் போடுங்கள்' என்று டாக்டரிடம் கேட்கப் போய்விடாதீர்கள். ஆக்ஸாலிபிளாட்டின், சிஸ்பிளாட்டின் இரண்டுமே பிளாட்டினத்தை வைத்துச் செய்த மருந்துகள். முதலாவது கால்ரெட்டிகுலினை வெளியே கொண்டுவருகிறது, இரண்டாவது கொண்டுவருவதில்லை. ஆனால் பரவிவிட்ட விந்தகப் புற்றுநோயைக்கூடக் குணப்படுத்தும் மருந்து சிஸ்பிளாட்டின். எலியில் கிடைத்த பட்டியலை மனிதருக்கு அப்படியே பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று நல்ல உதாரணம். பரவிய ட்ரிபிள் நெகட்டிவ் நோய் உள்ள 67 பெண்களுக்கு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி கொடுத்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் சிலருக்கு டாக்ஸோரூபிசின், சிலருக்கு சிஸ்பிளாட்டின், சிலருக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைட், சிலருக்குக் கதிர்வீச்சு, சிலருக்கு ஒன்றுமில்லை. டாக்ஸோரூபிசின் பெற்றவர்களில் 35 சதவீதத்தினரின் கட்டி சுருங்கியது. கொள்கைப்படி கடைசியில் வர வேண்டிய சிஸ்பிளாட்டின் 23 சதவீதத்தோடு இரண்டாவதாக வந்தது. எழுப்பும் மருந்து என்று பெயரெடுத்த சைக்ளோஃபாஸ்ஃபமைட் 8 சதவீதம், முன்மருந்து எதுவும் பெறாதவர்களின் 17ஐவிடக் குறைவு. ஒவ்வொரு குழுவிலும் இருபது பேர்கூட இல்லை என்பதால் இந்த எண்களை ரொம்ப இறுக்கிப் பிடிக்கக் கூடாது. டாக்ஸோரூபிசின் குழு முன்னால் வந்தது பாரிஸ் சோதனையோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு. எல்லாச் சாவும் நமக்குச் சாதகமல்ல. கதிர்வீச்சால் செத்த புற்று செல்களோடு கொஞ்சம் உயிருள்ள செல்களைக் கலந்து எலிக்குச் செலுத்தினால், உயிருள்ளவை இன்னும் வேகமாக வளர்கின்றன என்று 1956லேயே லாஸ்லோ ரேவேஸ் காட்டியிருந்தார். காரணத்தின் ஒரு பகுதி பிற்பாடு தெரிந்தது. அப்போப்டோசிஸில் செல்லை வெட்டுகிற கேஸ்பேஸ் 3 என்ற அதே நொதி, ப்ராஸ்டாக்ளாண்டின் ஈ2 என்ற பொருள் சுரக்கவும் வழி செய்கிறது. பக்கத்தில் தப்பிய செல்லுக்கு அது உரம், டி செல்லுக்குத் தடை. கட்டியின் நடுவில் ஆக்சிஜன் கிடைக்காமல் செத்து அழுகும் பகுதியும் அப்படித்தான். அது நாள்பட்ட புண் மாதிரி மேக்ரோஃபேஜ்களை வரவழைத்து, புது ரத்தக்குழாய் போடும் வேலையை அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்ளும். தவணை தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வதும், கட்டி கைக்கு அகப்படாமல் கரைந்துவிட்டாலும் ஆபரேஷனைத் தவிர்க்கக் கூடாது என்று சொல்வதும் தப்பிய செல்கள் மேல் உள்ள இந்தப் பயத்தால்தான்.

இம்யூனோதெரபி பற்றி. டி செல் கட்டிக்குள் வந்து சேர்ந்தாலும் புற்று செல் பிடிஎல்1 என்ற புரதத்தை நீட்டி அதற்கு பிரேக் போட்டுவிடும். பெம்ப்ரோலிஸுமாப் அந்தப் பிரேக்கை எடுக்கும் மருந்து. டி செல்லே வராத கட்டியில் பிரேக்கை எடுத்துப் பிரயோஜனமில்லை, அதனால்தான் கீமோவோடு சேர்த்துத் தருகிறார்கள். இரண்டாம், மூன்றாம் நிலை ட்ரிபிள் நெகட்டிவ் நோயில் கீநோட் 522 என்ற பெரிய ஆய்வு இதைப் பார்த்தது. ஆபரேஷனில் எடுத்த திசுவில் ஊடுருவும் புற்று எதுவும் மிஞ்சாதவர்கள், கீமோ மட்டும் பெற்ற குழுவில் 51.2 சதவீதம், இந்த மருந்தும் சேர்ந்த குழுவில் 64.8 சதவீதம். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 81.7க்கு எதிராக 86.6. நூற்றுக்கு ஐந்து பேருக்கான லாபம் சின்னதல்ல. ஆனால் அந்த ஆய்வில் முதல் நாளிலிருந்தே மருந்து தொடங்கியது, பேக்லிடாக்ஸலும் கார்போபிளாட்டினும் முதலில், டாக்ஸோரூபிசின் பிறகு. உங்கள் அம்மாவுக்கு வரிசை வேறு, இரண்டு தவணையும் முடிந்துவிட்டது. நடுவில் சேர்ப்பதால் அதே லாபம் வரும் என்று அந்த எண்களைக் காட்டிச் சொல்ல முடியாது. செலவு ஒரு தவணைக்கே லட்சங்களில். பிரேக் இல்லாத டி செல்கள் தைராய்டை, குடலை, கல்லீரலை, அட்ரினல் சுரப்பியைத் தாக்கலாம். சுரப்பி போனால் ஆயுளுக்கும் மாத்திரை. நிலத்தையோ நகையையோ வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும் என்றால், முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று: பயாப்ஸி ரிப்போர்ட்டில் கட்டிக்குள் இருக்கும் லிம்ஃபோசைட் (டி செல்லும் சேர்ந்த வெள்ளை அணு வகை) சதவீதம் எழுதியிருக்கிறதா? 'டில்ஸ்' என்று குறிப்பிட்டிருப்பார்கள். இந்த வகை நோயில் அது அதிகமாக இருந்தால் கீமோவுக்கே நல்ல பலன் எதிர்பார்க்கலாம். எழுதாவிட்டால் அதே ஸ்லைடை மறுபடி பார்த்துச் சொல்லச் சொல்லலாம், புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை.

கடைசியாகக் கபசுரக் குடிநீர். நிறுத்துங்கள். சித்த மருத்துவத்தின் மேல் கோபமில்லை, காரணம் குறிப்பானது. அதில் சேரும் சரக்குகளில் சீந்தில் ஒன்று. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்திலைத் தொடர்ந்து சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். டாக்ஸோரூபிசின் உடம்பைவிட்டு வெளியேறுவது பெரும்பாலும் கல்லீரல் வழியாக. கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறப் பொருளான பிலிருபின் ரத்தத்தில் 1.2ஐத் தாண்டி 3 வரை போனால் மருந்தைப் பாதியாகவும், அதற்கும் மேலே 5 வரை போனால் கால் பங்காகவும் குறைக்க வேண்டும், 5ஐத் தாண்டினால் கொடுக்கவே கூடாது என்பது விதி. எதிர்ப்பு சக்திக்கு என்று கொடுத்த கஷாயத்தால் கீமோவே பாதியாகிவிடலாம். வைட்டமின் சி மாத்திரையையும் கீமோ முடியும்வரை நிறுத்தி வையுங்கள். டாக்ஸோரூபிசினின் வேலையில் ஒரு பகுதி ஆக்சிஜனேற்ற நெருக்கடியால் நடப்பது, அதைத் தணிக்கும் மாத்திரையை அதே நாட்களில் கொடுப்பதில் அர்த்தமில்லை. நெல்லிக்காய், கொய்யா, ஆரஞ்சு சாப்பாட்டோடு தாராளமாகக் கொடுக்கலாம். ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், தோலுரிக்க முடிந்ததை உரித்துக் கொடுங்கள், கடையில் நறுக்கி வைத்தது வேண்டாம். கவுன்ட் குறைந்தால் பழமே கூடாது என்பதற்கு ஆதாரம் இல்லை.

குடிநீர் கொடுத்து வந்ததை டாக்டரிடம் மறைக்க வேண்டாம், திட்டினாலும் பரவாயில்லை. எத்தனை நாள், எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். மூன்றாம் தவணைக்கு முந்தின நாள் எடுக்கும் ரத்தத்திலேயே எல்எஃப்டி என்ற கல்லீரல் பரிசோதனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார். அந்த ரிப்போர்ட்டில் பிலிருபின் எவ்வளவு என்று தெரிந்த பிறகு மருந்தைக் கலக்கட்டும்.